ஃபுல் டவர் காட்டியும் நகராத நெட்: ஒரு வீட்டில் எடுத்த அளவுகளும் கண்ட காரணங்களும்

அக்கா வீடு தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து வயல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. தெருமுனை வரைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. அதற்கு அப்பால் கம்பம் இல்லை. நான்கு வீட்டுக்காகக் கம்பம் நட யாரும் முன்வரவும் இல்லை. அதனால் சிம் போட்ட 4ஜி ரௌட்டர்தான் அந்த வீட்டுக்கு இணையம். அக்கா மகள் போன வருடம் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். நவம்பரில் குழந்தை பிறந்தது. பேறுகால விடுப்பு முடிந்து ஜூன் முதல் வாரம் அங்கிருந்தபடியே வேலையைத் தொடங்கினாள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை. மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் விடிகாலை மூன்றரை வரை அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு நெட் வழியாகவே பேச வேண்டும்.

ஜூன் கடைசியில் போன் செய்தாள். "மாமா, ஃபுல் டவர் காட்டுது. ஆனா நான் பேசுறது அவங்களுக்கு விட்டு விட்டுத்தான் கேக்குதாம். இன்னிக்கு மட்டும் மூணு கால் கட்டாயிடுச்சு. இப்படியே போனா ஆபீஸுக்கே வந்துடுங்கன்னு சொல்றாங்க." ஆபீஸ் சென்னையில். கையில் ஏழு மாதக் குழந்தை. நெட் சரியாகவில்லை என்றால் வேலையை விடுவதைத் தவிர அவளுக்கு வழியில்லை.

அதற்குள் வீட்டில் எல்லா வைத்தியமும் பார்த்திருந்தார்கள். ரௌட்டரைத் தினமும் இரண்டு முறை அணைத்துப் போட்டார்கள். வேறு கம்பெனி சிம் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். அது இதைவிட மோசம். டவுனில் ஒரு கடைக்காரர் 6,500 ரூபாய்க்கு, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, முன்பணம் கேட்டிருந்தார். நான் வரும்வரை அதைக் கொடுக்க வேண்டாம், ரௌட்டரையும் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜூலை இரண்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை காலையில் போய் இறங்கினேன். நெட்வொர்க் வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். பழுதைத் தேடும்போது எதைத் தொட்டோம் என்று எழுதி வைக்காமல் தொடுவதுதான் பெரிய கேடு என்பது அனுபவம். எனவே முதலில் மருமகளிடம், அதாவது அக்கா மகளிடம், ஒரு நாற்பது பக்க நோட்டு கேட்டு வாங்கினேன்.

கேள்விகள் முதலில்

எது மெதுவாக இருக்கிறது, யாருக்கு, எப்போது, எப்போதிலிருந்து. இந்த நான்கையும் தெரிந்துகொள்ளாமல் ஸ்பீடு டெஸ்ட் போடுவதில் பயனில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். எல்லார் போனிலும் மெதுவாகத்தான் இருக்கிறது. பகலில் சுமார், இரவு ஏழுக்கு மேல் மோசம், ஒன்பதுக்கு மேல் பேசவே முடியாது. வெள்ளி, சனி இரவு இன்னும் மோசம். எப்போதிலிருந்து என்று கேட்டபோதுதான் பதில் குழம்பியது. அக்கா ஜூனில் இருந்து என்றாள். அத்தான் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காதுகுத்துக்கு அப்புறம்தான் மாப்ள. அதுக்கு முன்னாடி நான் மேட்ச் நல்லாத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

காதுகுத்து மே மாதம். அதற்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். மாடிப்படி ஏறி முடியும் இடத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கம்பியில் அறுத்துவிட்ட பிளாஸ்டிக் டை ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் மேலும் பெயின்ட் பட்டிருந்தது. ரௌட்டர் முன்பு அங்கேதான் இருந்திருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர் அறுத்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு டிவி பக்கத்தில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று ஹாலில், இரும்பு பீரோவை ஒட்டி அது குடியேறிவிட்டது. அதை ஒரு மாற்றமாக யாருமே நினைக்கவில்லை, அதனால் என்னிடமும் சொல்லவில்லை.

தினசரி டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சிம் இணையத்தோடு சேர வேண்டிய ஏபிஎன் அமைப்பும் சரி. ரௌட்டர் சூடாகவில்லை. இவற்றை ஐந்தே நிமிடத்தில் தள்ளிவிடலாம்.

வைஃபையா, மொபைலா

வீட்டு இணையத்தில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. லேப்டாப்பிலிருந்து ரௌட்டர் வரை ஒன்று, ரௌட்டரிலிருந்து டவர் வரை இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "நெட் ஸ்லோ" என்று சொன்னால், வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே மாத்திரை கேட்பது போலாகிவிடும். பிரிக்கத் தேவையானது ஒரு லேன் கேபிள் மட்டும்தான். லேப்டாப்பைக் கேபிளில் ரௌட்டரோடு மாட்டி 192.168.1.1 என்ற ரௌட்டரின் முகவரிக்கு பிங் விட்டேன், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்ப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் வந்தது. அதே லேப்டாப்பை மாடியில் மருமகள் உட்காரும் மேஜைக்குக் கொண்டுபோய் வைஃபையில் விட்டபோது 4, 7, 160, 12, 210 என்று துள்ளியது. இது டவர் வரை போன நேரம் அல்ல, வீட்டுக்குள் ஒரு மாடி ஏறிய நேரம். பீரோவையும் கான்கிரீட் தளத்தையும் தாண்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தட்டுத்தடுமாறித்தான் அவள் மேஜைக்கு வந்துகொண்டிருந்தது.

வேகம்: மேஜையில் வைஃபை வழியே 3.1 எம்பிபிஎஸ். ரௌட்டரில் நேரடிக் கேபிளில் இறக்கம் (டவுன்லோட்) 6.2, ஏற்றம் (அப்லோட்) 0.7. ஆக, வைஃபை பாதியை விழுங்குகிறது. ஆனால் வைஃபையை முழுதாகச் சரிசெய்தாலும் கிடைக்கப்போவது 6.2தான். அந்த 0.7 என்ற ஏற்றத்தை நோட்டில் வட்டமிட்டு வைத்தேன். பேசுகிற வேலைக்கு நாம் சொல்வது போய்ச்சேர வேண்டுமே, அது ஏற்றத்தில்தான் போகிறது.

கோடுகளை நம்பாதீர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். போனில் தெரியும் நான்கு கோட்டைத்தான் எல்லாரும் "ஃபுல் டவர்" என்கிறோம். அந்தக் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் விருப்பப்படி போட்டுக்கொள்கிறது. உண்மையான எண்கள் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கின்றன. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தாலும், இல்லையென்றால் செட்டிங்ஸில் சிம் நிலை என்ற இடத்திலும் சில எண்கள் கிடைக்கும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரின் அலை நம்மிடம் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. இது மைனஸ் எண்ணில் இருக்கும். மைனஸ் 80-க்குப் பக்கம் என்றால் அருமை, மைனஸ் 110-ஐத் தாண்டினால் பரிதாபம். டெசிபெல் கணக்கில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும், எனவே 90-க்கும் 100-க்கும் சின்ன வித்தியாசம்தானே என்று நினைக்கக் கூடாது. இரண்டாவது எஸ்ஐஎன்ஆர். நமக்கு வேண்டிய டவரின் அலை, மற்ற டவர்களின் இரைச்சலைவிட எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதை இது சொல்லும். 20-க்கு மேல் மிக நல்லது, 13-க்கு மேல் நல்லது, பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் கஷ்டம். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சத்தமாகப் பேசுகிறாரா என்பது முதல் எண். சுற்றியுள்ள கூச்சலை மீறி அவர் பேச்சு புரிகிறதா என்பது இரண்டாவது. என் அனுபவத்தில் வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆனால் கடைக்காரர் முதல் வீட்டுக்காரர் வரை எல்லாரும் முதல் எண்ணைத்தான் துரத்துகிறார்கள்.

ஹாலில் ரௌட்டர் காட்டியது ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 108, எஸ்ஐஎன்ஆர் 1, பேண்ட் 40. பேண்ட் என்பது அலைவரிசைத் தொகுதி. மருமகள் போன் மாடியில் நான்கு கோடு காட்டியதற்கு வேறு காரணம். அது அந்த நேரத்தில் பேண்ட் 5-ல், 850 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டி நன்றாக வரும், கோடும் நிறையக் காட்டும். ஆனால் அங்கே கிடைத்த பாதை 5 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். பேண்ட் 40 என்பது 2300 மெகாஹெர்ட்ஸ், அங்கே அகலம் 20. ஒற்றையடிப் பாதைக்கும் நான்கு வழிச் சாலைக்கும் உள்ள வித்தியாசம். ஒற்றையடிப் பாதை வீட்டு வாசல் வரை வருகிறது என்பதற்காக அதில் லாரி ஓட்ட முடியாது.

இன்னொன்றும் பலர் கேட்பார்கள்: அதே சிம்மைப் போனில் போட்டால் வேகமாக வருகிறதே, ரௌட்டரில் ஏன் வரவில்லை? விலை குறைந்த ரௌட்டர்களில் பெரும்பாலும் நான்காம் வகை (கேட்டகரி 4) மோடம்தான் இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஒரு பேண்டை மட்டுமே பிடிக்கும். இப்போதைய போன்கள் இரண்டு மூன்று பேண்டுகளைச் சேர்த்து இழுக்கும். ரௌட்டர் வாங்கும்போது இந்த ஒரு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ரௌட்டரோடு வீட்டைச் சுற்றி

கரண்ட் போனாலும் ரௌட்டர் ஓட மினி யுபிஎஸ் ஒன்று வைத்திருந்தார்கள். அதை ரௌட்டரோடு கயிற்றால் கட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிமிடம் அசையாமல் வைத்து, எண்கள் நிலைத்த பிறகு எழுதி, ஒரே சர்வருக்கு மூன்று முறை டெஸ்ட் போட்டு நடு மதிப்பை எடுத்தேன். எந்த டவரின் எந்தப் பக்கம் பேசுகிறது என்பதை அறிய பிசிஐ என்ற எண்ணையும் குறித்தேன். 0 முதல் 503 வரை ஏதாவது ஒன்றாக இருக்கும். அது மாறினால் நாம் வேறொரு செல்லுக்கு, அதாவது வேறொரு டவருக்கோ அதே டவரின் வேறொரு பக்கத்துக்கோ, தாவிவிட்டோம் என்று பொருள்.

அடுக்களையில் மைனஸ் 111, அங்கே நிற்கவே வேண்டாம். மாடியில் தெற்கு ஜன்னல், அதாவது குற்றாலம் பார்த்த பக்கம், மைனஸ் 84, எஸ்ஐஎன்ஆர் 7, பிசிஐ 217. இறக்கம் 15. வடக்கு ஜன்னல், அந்த அறுந்த டை தொங்கிய இடம், வயல் பார்த்த பக்கம்: மைனஸ் 93, எஸ்ஐஎன்ஆர் 13, பிசிஐ 84. இறக்கம் 24, ஏற்றம் 4.

பலம் குறைவான இடத்தில் வேகம் அதிகம். அக்காவுக்கு இது நம்ப முடியவில்லை. "அப்ப மொட்டை மாடில வச்சுப் பாரு, அங்கதான் ஒண்ணும் மறைக்காதே" என்றாள். நியாயமான கேள்வி, வைத்துப் பார்த்தோம். மைனஸ் 82, அன்றைய அளவுகளிலேயே பலமானது. எஸ்ஐஎன்ஆர் 4. பிசிஐ 84-க்கும் 217-க்கும் மாறி மாறித் தாவியது. இறக்கம் 10.

காரணம் எளிது. மொட்டை மாடியில் நிற்கிற ரௌட்டருக்கு எல்லா டவரும் கேட்கிறது. தெற்கிலிருந்து ஒன்று, வடக்கிலிருந்து ஒன்று, இரண்டும் ஒரே அலைவரிசை, ஏறக்குறைய ஒரே சத்தம். ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு இரைச்சல். வடக்கு ஜன்னலில் வைக்கும்போது முழு வீட்டின் சுவரும் தளமும் தெற்கு டவரை மறைத்துவிடுகின்றன. வீடே தடுப்பாக நிற்கிறது. அங்கே ஒரே ஒரு குரல்தான், கொஞ்சம் மெல்லிய குரல், ஆனால் தெளிவானது.

இதைச் சோதிக்க மொட்டை மாடியிலேயே ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்கு வடக்குப் பக்கம், தொட்டி தெற்கை மறைக்கும்படி ரௌட்டரை வைத்தேன். எஸ்ஐஎன்ஆர் 6. எதிர்பார்த்த அளவு ஏறவில்லையே என்று பார்த்தால் தொட்டி ஏறக்குறைய காலி. அக்காவிடம் மோட்டார் போடச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் ஏற ஏற 6, 7, 8. தொட்டி வழியத் தொடங்கியபோது 10-ல் நின்றது. தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும் என்று படித்துத் தெரியும். ஒரு வீட்டுத் தொட்டி நிரம்பும்போது அது எண்ணாக ஏறுவதை அன்றுதான் பார்த்தேன். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எஸ்ஐஎன்ஆர் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1948-ல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எழுதிய சூத்திரம் இதற்கு வரம்பு போடுகிறது. எஸ்ஐஎன்ஆர் 1 டெசிபெல் என்றால் ஒரு ஹெர்ட்ஸில் விநாடிக்கு 1.2 பிட்டுக்குமேல் அனுப்ப முடியாது. 13 டெசிபெல் என்றால் 4.4. ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு. ஹாலில் 6.2, வடக்கு ஜன்னலில் 24 என்ற என் அளவும் அதற்குப் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் நெரிசலும் நேரமும் கலந்த எண்கள் இவை, ஆகவே இதைப் பெரிய நிரூபணமாகச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பக்கத்தில் சாரல் நேரத்தில் "மழை வந்தா நெட் போயிடும்" என்று சொல்வார்கள். 2300 மெகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி அவ்வளவாகத் தடுப்பதில்லை. மழை சேதம் செய்வது பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. ஆனால் நனைந்த மரம் வேறு விஷயம். கிழக்கு ஜன்னலுக்கு எதிரே ஒரு மாமரம் நிற்கிறது. மதியம் சாரல் அடித்து ஓய்ந்த பிறகு அங்கே மறுபடி அளந்தேன், காலையைவிட 5 டெசிபெல் குறைந்திருந்தது. வடக்கு ஜன்னலுக்கு முன் வயல்தான், மரம் இல்லை. அங்கே மாற்றமில்லை.

இரவு என்ன நடந்தது

மாலை ஆறு மணிக்கு ரௌட்டரை வடக்கு ஜன்னல் கம்பியில் புது டை போட்டுக் கட்டினேன். அங்கிருந்து மருமகள் மேஜைக்குப் பன்னிரண்டு மீட்டர் லேன் கேபிள். ஆறரைக்கு அவள் வேலையைத் தொடங்கினாள், ஏழு, எட்டு, ஒரு கால்கூடக் கட்டாகவில்லை. அந்த நேரத்தில் என் போனில் தெற்கு ஜன்னலில் அளந்தேன். அதே மைனஸ் 84, அதே நான்கு கோடு. இறக்கம் 2. பகலில் 15 கொடுத்த இடம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் போதும், வண்டி வண்டியாக ஜனம் வந்து இறங்கும், மாலையில் எல்லாரும் விடுதிக்குத் திரும்பிப் போனைக் கையில் எடுப்பார்கள். அந்தப் பக்கம் பார்த்த செல்லின் அகலத்தை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அலையின் பலம் குறைவதில்லை, ஒருவருக்குக் கிடைக்கும் பங்குதான் குறைகிறது. வெள்ளி, சனி இரவு இன்னும் மோசம் என்று அவர்கள் சொன்னதற்கும் இதுதான் பொருள். வடக்கே வயல்களைப் பார்த்த செல்லுக்கு அந்தக் கூட்டம் இல்லை; அங்கே அதே நேரத்தில் இறக்கம் 13 வந்தது. ஹாலில் இருந்தபோது ரௌட்டர் இரண்டுக்கும் நடுவே ஊசலாடி, பாதி நேரம் நெரிசலான பக்கமே போய் விழுந்திருக்கிறது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஒன்பது பத்துக்கு மருமகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டாள். "மாமா, மறுபடியும்."

எண்களைப் பார்த்தேன். எஸ்ஐஎன்ஆர் 13, பிசிஐ 84, எல்லாம் சரி. வைஃபை இல்லை, கேபிள். பிங் மட்டும் 48 மில்லிசெகண்டிலிருந்து 1,800-க்கு ஏறியிருந்தது. நெட் வழியாகப் பேசுவதற்கு வேகம் பெரிதாக வேண்டாம், 100 கேபிபிஎஸ் போதும். ஆனால் தாமதம் பொறுக்காது. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் பேச்சு மோதத் தொடங்கும். ஒன்றரை விநாடி தாண்டினால் அது உரையாடலே இல்லை.

ரௌட்டரின் பக்கத்தில் எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று ஒரு பட்டியல் வரும். ஒரே ஒரு போன் ஏற்றத்தில் 4 எம்பிபிஎஸ்ஸையும் முழுசாக எடுத்துக்கொண்டிருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். அத்தான் சாப்பிட்டு முடித்துப் போனை சார்ஜில் போட்டிருந்தார். தினமும் ஒன்பது மணிக்கு, ஹாலில் அதே பிளக்கில். பகல் முழுக்கப் பேத்தியை வீடியோ எடுப்பார். குப்புற விழுந்தது, சிரித்தது, பருப்புச் சோற்றைத் துப்பியது எல்லாம் உண்டு. அன்று மட்டும் பன்னிரண்டு நிமிடம், ஏறக்குறைய 1.5 ஜிபி. வைஃபையும் சார்ஜும் சேர்ந்தால்தான் வீடியோக்களின் நகல், அதாவது பேக்கப், நெட்டில் ஏற வேண்டும் என்று அவர் போனில் வைத்திருந்தது. ஆகவே சார்ஜரை மாட்டிய கையோடு அது ஏறத் தொடங்கும்.

இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிந்துவிடும். 1.5 ஜிபி என்றால் 12,000 மெகாபிட். ஹாலில் கிடைத்த 0.7 எம்பிபிஎஸ் ஏற்றத்தில் அது ஏறி முடிய நாலே முக்கால் மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதில் ஆரம்பித்தால் விடிகாலை ஒன்றே முக்கால். மருமகளின் வேலை நேரத்தில் பாதிக்கு மேல். வடக்கு ஜன்னலில் 4 எம்பிபிஎஸ் என்பதால் அது ஐம்பது நிமிடமாகக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். நோய் போகவில்லை, நேரம் சுருங்கியிருந்தது.

ஏற்றம் நிரம்பினால் இறக்கமும் ஏன் படுத்துவிடுகிறது என்று கேட்கலாம். ஒரு பக்கம் திறக்கும்போது வந்த ஒவ்வொரு துண்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்று நம் கருவி பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் ஏற்றத்தில்தான் போகிறது. மோடம் தன்னிடம் சேர்கிற எதையும் தூக்கிப் போடாமல் வரிசையில் நிறுத்தி வைக்கும். வீடியோவின் ஆயிரக்கணக்கான துண்டுகளுக்குப் பின்னால், அந்தச் சின்னப் பதிலும் மருமகளின் குரலும் ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆளாக நிற்கும்.

சந்தேகம் வேண்டாம் என்று பேக்கப்பை நிறுத்தினேன். பிங் 50. ஓடவிட்டேன், 1,500. நிறுத்தினேன், 47. மூன்று முறை இப்படிச் செய்து நேரத்தோடு எழுதினேன். அத்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை எண் ஏறியதும் அவர் முகம் வாடிவிட்டது. "நான்தானா மாப்ள?" என்றார். யார்மேலும் தப்பில்லை, போன் தன்னால் செய்கிற வேலை இது, யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொன்னேன். "சார்ஜை இனிமே காலைல போட்டுக்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். இருந்தாலும் மறதிக்கு இடம் வைக்கக் கூடாது. ரௌட்டரில் அவர் போனுக்கு மட்டும் ஏற்றம் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாதபடி வரம்பு போட்டேன். வாசல் கேமராவும் கிளவுடுக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது; அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி மாற்றினேன். அன்று இரவு ஒன்பதே முக்காலிலிருந்து மூன்றரை வரை ஒரு கால்கூடக் கட்டாகவில்லை.

வாங்காமல் விட்டவை

பூஸ்டர் வேண்டாம் என்று கடைக்காரருக்குப் போன் செய்து சொல்லச் சொன்னேன். காரணம் பணம் மட்டும் இல்லை. அனுமதியில்லாமல் மொபைல் சிக்னல் ரிப்பீட்டர் வைப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். 1933-ஆம் வருடத்து வயர்லெஸ் தந்திச் சட்டத்தின் காலத்திலிருந்தே உரிமம் இல்லாத கருவிக்குத் தடை உண்டு. அதைவிட முக்கியம், அது அந்த வட்டாரத்துக்கே கெடுதல். மலிவான பூஸ்டர் கேட்டதையெல்லாம் உரக்கக் கத்தும். அந்தக் கத்தல் டவரின் காதில் இரைச்சலாக விழுந்து, பக்கத்திலுள்ள எல்லாருடைய பேச்சையும் கெடுக்கும். இந்த வீட்டுக்கு அது பயன்பட்டிருக்கவும் செய்யாது. குறையாக இருந்தது தெளிவு, பலம் அல்ல. இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கினால் தெளிவு கூடாது.

மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துக் கீழே கேபிள் இறக்கலாமா என்று அத்தான் கேட்டார். சில வீடுகளுக்கு அதுதான் சரி. ஆனால் கடைகளில் கூடவே கொடுக்கும் மெல்லிய ஆர்ஜி 58 கேபிள், இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் தின்றுவிடும். ஆன்டெனா 9 டெசிபெல் கூட்டும், பதினைந்து மீட்டர் கேபிள் 15 டெசிபெல் குறைக்கும். ரேடியோ கேபிளை நீட்டுவதைவிட ரௌட்டரையே நல்ல இடத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லேன் கேபிளை நீட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. லேன் கேபிளில் நூறு மீட்டர் வரை வேகம் குறையாது. இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் இடி விழும். மாடியிலிருந்து கம்பி இறக்கினால் மின்னலுக்கும் வழி காட்டியதாகிவிடும். ஜன்னலே போதும் என்று முடிவு செய்தோம். மொத்தச் செலவு லேன் கேபிளுக்கும் டைக்கும் கொடுத்த 420 ரூபாய்.

வீட்டுக்குள் தீராதது

வெள்ளி, சனி இரண்டு இரவும் இருந்து அளந்தேன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வடக்கு ஜன்னலிலும் வேகம் 8-க்கு இறங்கியது, தெற்கில் 0.9. வீட்டில் ரௌட்டரை எங்கே வைத்தாலும் இது தீராது. கம்பெனிதான் அந்தச் செல்லின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று பெயர் வைக்கவே இறக்கம் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்று 2023-ல் தொலைத்தொடர்புத் துறை அறிவித்திருக்கிறது. தெற்குத் தெரு வீடுகளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த வீடுகளிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மருமகள் புகார் பதிந்தாள், எண் வாங்கினாள். நான்காம் நாள் "உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக உள்ளது" என்று குறுஞ்செய்தி வந்து புகார் மூடப்பட்டது. ஆர்எஸ்ஆர்பியை மட்டும் பார்த்துச் சொன்ன பதில். இப்படி மூடினால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அமைப்பு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நோட்டின் நான்கு பக்கங்களைப் போட்டோ எடுத்து இணைத்தோம்: நாள், நேரம், பிசிஐ, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், வேகம். அலையின் பலம் மாறாமல் வேகம் மட்டும் 15-லிருந்து 2-க்கு விழுவதைச் சிவப்பு மையில் கோடிட்டோம். "நெட் ஸ்லோ" என்று எழுதினால் யாரும் போன் செய்வதில்லை. இதற்கு மூன்றாம் வாரம் ஒரு பொறியாளர் கூப்பிட்டு, பிசிஐ எண்ணைச் சரிபார்த்து, கூடுதல் அலைவரிசை கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார்.

செப்டம்பரில் தெற்கு ஜன்னலில் இரவு வேகம் 9-க்கு வந்தது. அதற்குள் சீசன் முடிந்துவிட்டது. வேகம் கூடியது கம்பெனி செய்த வேலையாலா, ஜனம் ஊர் திரும்பியதாலா என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த ஜூனில் அதே ஜன்னலில் அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும், அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

நோட்டு இப்போது மருமகளிடம் இருக்கிறது. ஒவ்வொரு வேலை நாளும் ஒன்பதே காலுக்கு ஒரு வரி எழுதுகிறாள். அக்டோபரில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். வரிசையாக 13, 12, 13, பிங் 46, 51, 49. கடைசி வரியில் எண் இல்லை. "மின்னல். பிளக்கை எடுத்துவிட்டேன். தாத்தாவும் பாப்பாவும் இருட்டில் விளையாடுகிறார்கள்" என்று எழுதியிருந்தது.